ஐம்பது பச்சைச் சீட்டுகள்

இரண்டாம் வகுப்பு பி பிரிவில் அந்த ஆண்டு முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அவர்களில் வீட்டில் தமிழ் பேசுகிறவள் சஹானா ஒருத்திதான். பிம்ப்ரியில் இருந்த அந்தப் பள்ளியில் தமிழ் தெரிந்த ஆசிரியையும் ஒருத்திதான், அவளுடைய வகுப்பாசிரியை ஜன்னத்துல் பிர்தௌஸ். மற்றவர்கள் முன்னால் இருவரும் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் பேசிக்கொள்வார்கள். மணி அடித்து வகுப்பு கலையும்போது சஹானா மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, ரகசியம் சொல்வதுபோல் தமிழில் ஏதாவது சொல்லிவிட்டுப் போவாள்.

"மிஸ், இன்னைக்கும் டப்பால ரோட்டிதான். அப்பாக்கு தோசை வட்டமா வராது."

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பிர்தௌஸ் மணி எப்போது அடிக்கும் என்று காத்திருக்கத் தொடங்கியிருந்தாள்.

அவளுக்கு முப்பத்தைந்து வயது. மேலப்பாளையத்தில் பிறந்து, கல்யாணமாகிப் புனேக்கு வந்து பதினோரு வருடம். கணவன் நவாஸுக்குப் பிம்ப்ரி மார்க்கெட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை. காசர்வாடியில் இரண்டு அறை வீடு. இரண்டு முறை வயிற்றில் தங்கியது; இரண்டு முறையும் நாலாம் மாதத்தைத் தாண்டவில்லை. மூன்று ஆஸ்பத்திரி பார்த்துவிட்டு, போதும் என்று போன வருடம் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதைப் பற்றி இருவரும் உட்கார்ந்து பேசியதுகூட இல்லை. அடுத்த தேதிக்கு அவள் போகவில்லை, ஏன் போகவில்லை என்று அவன் கேட்கவில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் ஆசிரியைகளுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. பிள்ளை தப்புச் செய்த பிறகு திட்டுவதைவிட, எப்படி நடக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிக்கொடுங்கள், செய்து காட்டுங்கள், சரியாகச் செய்யும்போது பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள் என்றார்கள். பிர்தௌஸுக்கு அது பிடித்துப்போயிற்று. முதல் வாரமே பிள்ளைகளைத் தண்ணீர்க் குழாயடிக்கு அழைத்துப் போய், தானே முரட்டுப் பிள்ளையாக நடித்தாள். வரிசையில் இடித்தாள், அடுத்தவன் பாட்டிலைத் தள்ளினாள், குழாயைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடினாள். பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பிறகு, நான் எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று அவர்களையே கேட்டு, அவர்கள் சொன்னபடி இன்னொரு முறை செய்து காட்டினாள். ஒரு மாதத்தில் பி பிரிவின் வரிசையைப் பார்க்க மற்ற ஆசிரியைகள் வந்தார்கள்.

பச்சைச் சீட்டும் அந்தப் பயிற்சியில் வந்ததுதான். ஒரு பிள்ளை நல்ல காரியம் செய்தால் அதன் பெயரையும் செய்த காரியத்தையும் சீட்டில் எழுதி, பாதியைக் கிழித்து வீட்டுக்குக் கொடுப்பார்கள். மறுபாதி வகுப்பில் இருக்கும் பெட்டிக்குள் போகும். ஐம்பது சீட்டு சேர்ந்தால் சனிக்கிழமை அசெம்பிளியில் அம்மா, அப்பா இருவரையும் மேடைக்கு அழைத்துப் பிள்ளையோடு நிறுத்திக் கைதட்டுவது என்பது மட்டும் தலைமையாசிரியை ஆப்டே மேடம் தானாகச் சேர்த்தது. அதை வாசல் பலகையில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருந்தார்.

தீபாவளி விடுமுறை முடிந்து வந்தபோது மற்ற பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு சீட்டில் இருந்தார்கள். சஹானா முப்பத்தொன்றில் இருந்தாள்.

அவள் கீழே கிடந்த பென்சிலை எடுத்துக் கொடுப்பாள். அழுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்காருவாள். சிந்திய தண்ணீரை யாரும் சொல்லாமலே துடைப்பாள். துடைத்துவிட்டு நிமிர்ந்து பிர்தௌஸின் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் ஒரு பசி இருந்தது. பிர்தௌஸ் அதைப் பிரியம் என்று எடுத்துக்கொண்டாள். தனக்கும் அந்தப் பசி இருந்ததால் அப்படி எடுத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. வீட்டில் இடியாப்பம் அவித்தால் நாலு எடுத்துத் தனி டப்பாவில் வைத்துக் கொண்டுவருவாள். ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்கு நீண்டுகொண்டே போயின.

சஹானாவின் அப்பா அருண்ராஜ் சாகணில் கார் உதிரிபாகக் கம்பெனியில் இன்ஜினியர். மாலை ஆறு மணிக்கு, வழியெல்லாம் லாரிப் புழுதி குடித்த பைக்கில் வந்து, பள்ளியின் டேகேரிலிருந்து பிள்ளையை அழைத்துப் போவார். கோயம்புத்தூர்க்காரர், அதிகம் பேசமாட்டார். அம்மா எங்கே என்று ஒருமுறை கேட்டதற்கு, பேங்க் வேலையாக ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

டிசம்பர் முதல் வாரத்தில், பள்ளியைப் பெருக்கித் துடைக்கும் சுனந்தா மாவ்ஷி பிர்தௌஸைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். உங்கள் செல்லப் பெண் பாட்டில் தண்ணீரைத் தானே தரையில் கொட்டிவிட்டுத் தானே துடைக்கிறாள், இரண்டு முறை என் கண்ணால் பார்த்தேன் என்றாள். பிர்தௌஸுக்குக் கோபம் வந்தது. சின்னப் பிள்ளை, கைதவறி விழுந்திருக்கும் என்று மராத்தியில் வெடுக்கென்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். சுனந்தா வாதாடவில்லை, வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் நாள் இடைவேளையில் குழாயடியிலிருந்து அலறல் கேட்டது. ஃபிசா என்ற பிள்ளை ஈரத்தில் வழுக்கி, மோவாய் சிமெண்ட் விளிம்பில் இடித்து, மேல்சட்டை முழுக்க ரத்தமாகக் கிடந்தாள். சஹானா கையில் துடைக்கும் துணியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் பாட்டில் திறந்து காலியாக இருந்தது. ஓடிவந்த பிர்தௌஸை அவள் நிமிர்ந்து பார்க்காதது அன்றுதான் முதல் முறை.

ஃபிசாவுக்கு மூன்று தையல் போட்டார்கள். அவளுடைய அம்மா வந்து அழைத்துப் போன பிறகு, பிர்தௌஸ் சஹானாவைக் காலி வகுப்பில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். கத்தவில்லை. தண்ணீரை யார் கொட்டியது என்று கேட்டாள்.

"நான்தான்."

"எதுக்கும்மா?"

"தொடைக்கறதுக்கு."

பிள்ளை கொஞ்சநேரம் ஸ்வெட்டரின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்துவிட்டுத் தானாகவே சொன்னது.

"நாப்பத்திமூணு ஆயிடுச்சு மிஸ். இன்னும் ஏழுதான். அம்பது ஆனா அம்மா வந்தே ஆகணும். ரெண்டு பேரும் வரணும்னு போர்டுல எழுதியிருக்கு."

"அம்மா வருவாங்கன்னு யாரு சொன்னா?"

"அம்மாவேதான். போறப்ப சொன்னாங்க, நல்ல பொண்ணா இரு, அம்மா வந்துடறேன்னு. நான் நல்லாதான் இருக்கேன். அப்பவும் வரல. அதான் இன்னும் நல்லா இருக்கலாம்னு பாத்தேன்."

இந்தக் கணக்கு பிர்தௌஸுக்குத் தெரிந்த கணக்கு. முதல் கரு கலைந்தபோது, நல்லது செய், அல்லாஹ் கொடுப்பான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் செய்தாள். வியாழன்தோறும் நோன்பு வைத்தாள். பின்னிரவுத் தொழுகையைக் கூட்டினாள். அனாதை விடுதிக்குச் சாப்பாடு அனுப்பினாள். யாரிடமும் முகம் சுளிக்காமல் இருக்கப் பழகினாள். இரண்டாவதும் போனபோது அவள் நினைத்தது, இன்னும் கொஞ்சம் நல்லவளாக இருந்திருக்க வேண்டுமோ என்பதுதான். அதை அவள் நவாஸிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது ஏழு வயதுப் பிள்ளை அதையே அவள் எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று பிள்ளைகள் போன பிறகு பெட்டியைத் திறந்து சஹானாவின் சீட்டுகளைத் தனியே எடுத்துப் படித்தாள். முதல் பத்து, பதினைந்து நியாயமானவை. அதற்கப்புறம் வந்தவற்றைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. காலையில் வணக்கம் சொன்னாள். என் பையைத் தூக்கி வந்தாள். அழகாகச் சிரித்தாள். வகுப்பில் வணக்கம் சொல்லாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. சஹானா கேட்டதால் எழுதியவை அல்ல அவை. கொடுக்கும்போது அவள் முகம் மலர்வதைப் பார்க்கப் பிர்தௌஸ்தான் எழுதியிருக்கிறாள்.

ஆப்டே மேடம் நடந்ததைக் கேட்டதும் சஹானாவின் சீட்டுகள் எல்லாவற்றையும் ரத்து செய்துவிடலாம் என்றார். பிர்தௌஸ் ஒப்பவில்லை. ஃபிசா விழுந்ததற்குப் பிள்ளை பதில் சொல்ல வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் சீட்டைப் பறித்தால், தான் கெட்ட பிள்ளை ஆகிவிட்டதால்தான் அம்மா வரவில்லை என்று அது முடிவு கட்டிவிடும் என்றாள். பாதித் தப்பு என்னுடையது என்றும் சொன்னாள். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு வாரம் தருகிறேன் என்றார்.

மாலையில் அருண்ராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பைக்கின் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நாங்க பிரிஞ்சாச்சுங்க மிஸ். ஜூன்லயே. பாப்பாவுக்கு இந்த வருசம் இங்க முடியட்டும்னு பேசிக்கிட்டோம். அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க. பேங்க் வேலைன்னு சொல்லிட்டோம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு ஆறு மாசம் போயிருச்சு."

மனைவி ப்ரீதியின் நம்பரை அவரே கொடுத்தார். அதைப் போனில் வைத்துக்கொண்டு பிர்தௌஸ் இரண்டு நாள் மெட்ரோவில் போய் வந்தாள். கூப்பிடவில்லை. முதல் நாள் நேரமில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இரண்டாம் நாள், பெட்டியில் நின்றபடி கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கையில், காரணம் அதில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. கூப்பிட்டால் அம்மா வருவாள். வந்தால் பிள்ளையை என்றைக்காவது கூட்டிக்கொண்டு போவாள். மணி அடித்ததும் மேசைக்குப் பக்கத்தில் யாரும் வந்து நிற்கமாட்டார்கள்.

மூன்றாம் நாள் மதிய இடைவேளையில் கூப்பிட்டாள்.

ப்ரீதி முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள். பின்னால் பேங்க்கில் டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் அவள் பேசினாள்.

"வாசல்ல பெட்டியோட நிக்கறப்ப வேற என்னங்க மிஸ் சொல்றது? எல்லாரும் சொல்றதைத்தான் சொன்னேன். அது இப்படிப் பிடிச்சுக்கும்னு நான் நினைக்கவே இல்லீங்க."

தினமும் வீடியோ காலில் பார்க்கிறேன், பள்ளியைப் பற்றிக் கேட்டால் சீட்டு எத்தனை என்று மட்டும்தான் சொல்வாள், கெட்டிக்காரி என்று சொல்லி வைத்துவிடுவேன் என்றாள். ஆறு மாதத்தில் ஒருமுறைகூட ஏன் வரவில்லை என்று பிர்தௌஸ் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"டிக்கெட் ரெண்டு தடவை போட்டேனுங்க. ரெண்டையும் கேன்சல் பண்ணிட்டேன். வந்தா மறுபடி அவளை உட்டுட்டு வர என்னால முடியாதுங்க மிஸ்."

பிர்தௌஸ் சொன்னது ஒன்றுதான். சனிக்கிழமை மேடைக்கு வராதீர்கள். சாதாரண நாளில், ஒன்றுமில்லாத நாளில் வாருங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ப்ரீதி வந்தாள். வகுப்பு முடிந்து பிள்ளைகள் போயிருந்தார்கள். அருண்ராஜ் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். வாசலில் அம்மாவைக் கண்ட சஹானா ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, "இன்னும் ஏழு இருக்கே" என்றாள். ப்ரீதி பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டாள்.

அம்மாவும் அப்பாவும் பிள்ளைகளுக்கான சின்ன நாற்காலிகளில் முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்தார்கள். பிர்தௌஸ் வெளியே போகத்தான் எழுந்தாள். சஹானா அவள் துப்பட்டாவின் முனையைப் பிடித்துக்கொண்டதால் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா போனதுக்கு நீ காரணம் இல்ல சாமி," என்றாள் ப்ரீதி. "நீ நல்லா இருந்ததும் காரணம் இல்ல, குறும்பு பண்ணதும் காரணம் இல்ல. அப்பாவும் நானும் இனி ஒரே வீட்ல இருக்க மாட்டோம். அது எங்க ரெண்டு பேர் சமாச்சாரம். உன்கிட்ட முதல்லயே சொல்லாதது எங்க தப்பு."

அருண்ராஜ் தலையை ஆட்டினார்.

சஹானா அழுவாள் என்று மூன்று பேரும் எதிர்பார்த்தார்கள். அவள் கேட்டது வேறு.

"நான் ஃபிசாவை விழ வெச்சேன். ரத்தம் வந்துச்சு. அதுக்கும் நீ வருவியா?"

"அதுக்கும் வருவேன். வந்து திட்டுவேன். ஆனா வருவேன்."

அப்போதுதான் அழுதாள். ஆறு மாதம் அழாமல் சேர்த்து வைத்த அழுகை. ப்ரீதியின் தோளில் முகத்தைப் புதைத்து அழுது, விக்கல் எடுத்து, அப்படியே தூங்கிப்போனாள். ப்ரீதி எழுந்திருக்காமல் அந்தச் சின்ன நாற்காலியிலேயே அவளை வைத்துக்கொண்டு இருட்டும் வரை இருந்தாள். பிர்தௌஸ் கடைசி பெஞ்சில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன.

அடுத்த சில வாரங்கள் சஹானா முன்மாதிரிப் பிள்ளையாக இருக்கவில்லை. வரிசையில் இடித்தாள். மேசையில் ஸ்கெட்ச் பேனாவால் பூனை வரைந்தாள். டப்பா ரொட்டியைப் பக்கத்துப் பெஞ்சுக்கு எறிந்தாள். ஒருநாள் எல்லோரும் கதை கேட்டுக்கொண்டிருக்கும்போது வேண்டுமென்றே நாற்காலியைச் சாய்த்துத் தடாலென்று விழவைத்துவிட்டு, என்ன செய்வாய் என்பதுபோல் பிர்தௌஸைப் பார்த்தாள். பிர்தௌஸ் நாற்காலியை அவளையே நிமிர்த்தவைத்தாள், எப்படி உட்கார வேண்டும் என்று மறுபடியும் காட்டினாள், பூனையைத் துடைக்கத் துணி கொடுத்தாள். மற்ற பிள்ளைகளுக்குச் செய்வதை அவளுக்கும் செய்தாள், அவ்வளவுதான். உள்ளூர ஒரு நிம்மதி. பிள்ளை இப்போது பயமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கிறது.

ஐம்பதையும் மேடையையும் எடுத்துவிட வேண்டும் என்று ஆப்டே மேடத்திடம் இரண்டு முறை பேசினாள். அம்மா இல்லாத பிள்ளை, அப்பா துபாயில் இருக்கும் பிள்ளை, யாரும் வரமுடியாத பிள்ளை என்று பி பிரிவில் மட்டும் ஏழு பேரை எழுதிக் காட்டினாள். மேடம் ஒரு வாரம் யோசித்துவிட்டுப் பலகையில் இருந்ததை அழிக்கச் சொன்னார். சுனந்தா மாவ்ஷிதான் அழித்தாள். பிர்தௌஸ் அவளிடம் அன்றைக்கு வெடுக்கென்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்டாள். சுனந்தா சிரித்துக்கொண்டே, உங்கள் இடியாப்பம் எனக்கும் ஒருநாள் வேண்டும் என்றாள்.

ஜனவரிக் கடைசியில் ஒருநாள் குழாயடி வரிசையில் சஹானாவுக்குப் பின்னால் ஃபிசா நின்றாள். மோவாயில் தையல் தழும்பு இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. சஹானா திரும்பி அதைப் பார்த்தாள். ஏதோ கேட்டாள், ஃபிசா இல்லை என்று தலையாட்டினாள். சஹானா விலகி அவளை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் நின்றுகொண்டாள். பிர்தௌஸின் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. பிர்தௌஸ்தான் பக்கத்தில் போனாள். "ஃபிசாவ முன்னால விட்டே, பாத்தேன்," என்று மெல்லச் சொன்னாள். "ம்," என்றாள் சஹானா, பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே.

ப்ரீதி மாதம் ஒருமுறை வந்து போனாள். ஒவ்வொரு முறையும் திரும்பிப் போனது கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் போனாள், வந்தாள். ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் சஹானா அம்மாவோடு கோயம்புத்தூர் போவது, விடுமுறைகளுக்கு அப்பாவிடம் வருவது என்று முடிவாயிற்று. அருண்ராஜ் அதைப் பிர்தௌஸிடம் சொல்லும்போது பைக் சாவியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். தோசை ஒருவழியாக வட்டமாக வரத் தொடங்கியிருக்கிறது மிஸ் என்றார்.

கடைசி நாள் சஹானா விடைபெற வந்தபோது வெளியே ஆட்டோ காத்திருந்தது. கோயம்புத்தூர்ப் பள்ளியில் நீச்சல் குளம் இருக்கிறதாம், அங்கே எல்லோரும் தமிழ் பேசுவார்களாம் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். பிர்தௌஸ் அவள் தலையைத் தடவினாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினாள். வாயில் வந்ததெல்லாம் பெரியவர்கள் வாசலில் நின்று சொல்கிற வார்த்தைகளாகவே இருந்தன. ஒன்றையும் சொல்லாமல், ஷூ லேஸ் அவிழ்ந்திருப்பதைக் குனிந்து கட்டிவிட்டாள். பிள்ளை ஆட்டோவுக்கு ஓடியது. ஏறியதும் அம்மாவிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. ஆட்டோ திரும்பும்வரை பிர்தௌஸ் நின்றாள். திரும்பிய பிறகும் நின்றாள்.

அன்று அவள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. மார்க்கெட் வழியாக நவாஸின் கடைக்குப் போனாள். நவாஸ் வாளிகளைப் பெரியதற்குள் சின்னதாக அடுக்கிக்கொண்டிருந்தான். இந்த நேரத்தில் அவள் கடைக்கு வருவது வழக்கமில்லை என்பதால் நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன புள்ள, ஒடம்புக்கு எதும் சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"எனக்கு இன்னும் வேணும்னுதான் இருக்கு. விட்டுட்டேன்னு நெனச்சேன். விடல."

என்ன வேணும் என்று அவன் கேட்கவில்லை. கையில் இருந்த வாளியை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எனக்கும்தான்," என்றான் பிறகு. "கேட்டா நீ ஒடஞ்சி போயிருவியோன்னுதான் நான் வாயத் தொறக்கல."

"நம்ம வயித்துல பொறந்ததாத்தான் இருக்கணும்னு இல்லைங்க."

அவன் பதில் சொல்லுமுன் ஒரு அம்மாள் வந்து மூடியோடு டிரம் இருக்கிறதா என்று மராத்தியில் கேட்டாள். நவாஸ் எடுத்துக் காட்டினான். நிறம் பிடிக்கவில்லை, வேறு பார்த்தாள், நெடுநேரம் பார்த்து ஒன்றும் வாங்காமல் போனாள். அதுவரை பிர்தௌஸ் ஓரமாக நின்றாள். அந்த அம்மாள் போனதும் நவாஸ் கல்லாவுக்குப் பின்னால் இருந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு, அதன்மேல் இருந்த தூசியைத் துண்டால் தட்டினான்.

"உக்காரு," என்றான். "முழுசாச் சொல்லு. கேக்கேன்."